முதல் காந்தாரம் தம்புராவிலிருந்து வரட்டும்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் வட்டாரத்தில் வாய்ப்பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

சென்னையின் சங்கீதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வழக்கமாக மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களைப் பார்த்தே பேசுகிறார்கள். மார்கழி கழிந்ததும் அந்தப் பேச்சும் கழிந்துவிடும். ஆனால் அடுத்த தலைமுறையின் காது அங்கே உருவாவதில்லை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆக்கப்பட்ட இந்தப் பரப்பில், பள்ளிவிட்ட பின்மாலையில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்திலும் தனிவீட்டு மாடி அறையிலும் நீங்கள் நடத்தும் வகுப்புகளில்தான் அது உருவாகிறது. கச்சேரிக்குப் போகாத வீட்டுப் பிள்ளைக்கும் நீங்கள்தான் முதல் சங்கீதம். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. கேட்பது ஒன்றே ஒன்று: பாட வரும் பிள்ளைக்கு ஸ்வரத்தின் இடத்தைக் காட்டும் வேலையைக் கீபோர்டிடம் கொடுக்காதீர்கள். அந்த வேலையைத் தம்புராவும் உங்கள் குரலும் செய்யட்டும். கீபோர்டைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொல்லவில்லை. அதற்குரிய வேலைகள் நிறைய இருக்கின்றன, அவற்றையும் பேசுவோம். ஆனால் எது முதலில், எது பிறகு என்ற வரிசை மாறிக் கிடக்கிறது. அதனால் என்ன நட்டம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாட வரிசையில் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. கீபோர்டு வகுப்பிலும் அப்படியே. ஆசிரியர் கட்டையை அழுத்த, பிள்ளை அந்த ஒலியை ஒட்டிப் பாடுகிறது. இந்தக் கட்டைகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக வெட்டியவை. ஸ்வர இடைவெளியை அளக்க அலெக்சாண்டர் எல்லிஸ் 1885இல் ஓர் அளவை முன்வைத்தார்: ஒரு ஸ்தாயி 1200 சென்ட். (நம் பக்கத்து மனை விலைச் சென்ட் இல்லை, பயப்பட வேண்டாம்.) அந்த அளவையில் கட்டைக்குக் கட்டை 100 சென்ட். தம்புராவின் ஷட்ஜத்தோடு இயல்பாக இழையும் பஞ்சமம் 702 சென்ட்டில் இருக்கிறது, கட்டை தருவது 700. மத்திமத்திலும் இதே இரண்டு சென்ட் வித்தியாசம்தான், யாருக்கும் உறுத்தாது. ஆனால் ஷட்ஜத்தோடு இழையும் அந்தர காந்தாரம் 386, கட்டையில் 400. காகலி நிஷாதம் 1088, கட்டையில் 1100. அதாவது பிள்ளை கற்கும் முதல் ராகத்திலேயே, கட்டை கூடுதலாக வழுவும் இரண்டு ஸ்வரங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சுத்த ரிஷபத்தையும் தைவதத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றைப் பாடகர்கள் அசைத்தும் தாழ்த்தியும் பாடுவதால் அங்கே ஒரே எண்ணைச் சொல்ல வழியில்லை. காந்தாரம் அப்படியில்லை. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாமலே எழுகிற காந்தாரம் அது. அதனால்தான் அதைச் சுயம்பு காந்தாரம் என்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு வழக்கமான 5 கட்டைச் சுருதியில் ஷட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு. தம்புராவோடு இழையும் காந்தாரம் 245. கீபோர்டு தருவது ஏறக்குறைய 247. இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்குவதைக் காது கேட்கும்.

பதினான்கு சென்ட் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஏழு வயதுப் பிள்ளை சுருதியோடு பாடுவதே பெரிய பாடு. 40, 50 சென்ட் இறங்கிப் பாடுகிற குரலைக் கட்டையின் பக்கத்தில் இழுத்து வந்து நிறுத்துவதே வெற்றியில்லையா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த முதல் இழுப்புக்குக் கட்டை உதவும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் எதைக் கேட்டுக் குரல் திருந்துகிறது என்பதில்தான் வித்தியாசம். கட்டையைக் கேட்டுத் திருத்தும் பிள்ளை, வெளியிலிருந்து வரும் ஓர் ஒலியைப் பிரதி எடுக்கிறது. கட்டை நின்றால் பிடிமானமும் நின்றுவிடும். தம்புராவுக்கு எதிரே காந்தாரத்தைத் தேடும் பிள்ளை, தன் குரலும் ஷட்ஜமும் இழையும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. பிடித்த கணத்தில் அலை அடங்கி ஒலி ஒன்றாகிவிடும். சரியா தவறா என்று சொல்ல அங்கே ஆசிரியர்கூடத் தேவைப்படாது. பதினான்கு சென்ட் வெறும் அளவுக் குறைதான். இந்தத் தேடும் பழக்கம் கைநழுவிப் போவதே பெரிய நட்டம். அதைவிடவும் பெரிய நட்டம் ஒன்று உண்டு: ஸ்வரம் என்பது ஒரு கட்டை அகலத்தில் எப்போதும் அசையாமல் கிடக்கும் ஒரு பொருள் என்ற எண்ணம் ஆறேழு வயதில் மனதில் ஏறி உட்கார்ந்துவிடுவது. இதை நம் ராகங்களை மட்டும் வைத்துப் பேசினால் பழைய புராணமாகத் தோன்றலாம். அரபு இசையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் பளிச்சென்று தெரியும்.

அரபு இசையில் ராகத்துக்கு ஒப்பான ஏற்பாடு மகாம். மூன்று, நான்கு, ஐந்து ஸ்வரங்கள் கொண்ட சிறு கோவைகளை அடுக்கி மகாமைக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு கோவைக்கும் ஜின்ஸ் என்று பெயர். அவற்றில் ஹிஜாஸ் என்ற கோவை, நம் மாயாமாளவகௌளையின் ஸ ரி க ம என்ற கீழ்ப்பாதிக்கு நேர். உலகெங்கும் பாங்கு சொல்வோர் அதிகம் கையாளும் மகாம்களில் ஹிஜாஸும் ஒன்று என்பதால், பள்ளிவாசல் இருக்கிற எந்த ஊர்க்காரருக்கும் அந்த வண்ணம் முற்றிலும் புதிதாக இராது. கீழேயும் மேலேயும் ஹிஜாஸ் கோவையையே வைத்தால் ஹிஜாஸ்கார் என்ற மகாம் கிடைக்கும். கீபோர்டில் வாசித்துப் பாருங்கள்: மாயாமாளவகௌளைக்கும் ஹிஜாஸ்காருக்கும் ஒரே எட்டுக் கட்டைகள்தான். கீபோர்டின் கணக்கில் இரண்டும் ஒன்று. ஆனால் அரபுப் பாடகர் ஹிஜாஸைப் பாடும்போது இரண்டாம் ஸ்வரத்தைச் சற்று உயர்த்தி, மூன்றாவதைச் சற்றுத் தாழ்த்தி, நடுவில் உள்ள பெரிய இடைவெளியை நெருக்குவார். நாமோ அந்த ரிஷபத்தை ஷட்ஜத்தின் பக்கம் சாய்த்து அசைக்கிறோம். காந்தாரத்தைத் தம்புராவோடு இழைத்து நிறுத்துகிறோம். எந்த ஸ்வரத்தில் தங்குவது, எதைத் தொட்டுவிட்டு நகர்வது என்பதிலும் இரண்டும் வேறு வேறு வழி. கட்டையில் ஒன்றாகத் தெரிவது தொண்டையில் இரண்டாகிறது. இந்த இரண்டில் எதையுமே கீபோர்டு வாசிக்கவில்லை. மூன்றாவதாக ஒன்றை வாசிக்கிறது.

இது கீபோர்டுக்கு எதிரான நம் ஊர்ப் பொருமல் இல்லை என்பதற்கு அரபு நாடுகளின் அனுபவமே சாட்சி. அவர்களுடைய ரஸ்த் மகாமின் மூன்றாம் ஸ்வரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் விழுவது. அதற்குக் கீபோர்டில் கட்டையே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த மிகாயில் மிஷாகா என்ற மருத்துவர் ஸ்தாயியை 24 சமக் கூறுகளாகப் பகுக்கும் முறையை விளக்கி எழுதினார். அந்தக் கணக்கில் ரஸ்தின் மூன்றாம் ஸ்வரம் 350 சென்ட். 1932இல் எகிப்து மன்னர் முதலாம் ஃபுவாதின் ஆதரவில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியபோது இதுவே பெரும் சர்ச்சை ஆயிற்று. பேலா பார்த்தோக், பவுல் ஹிண்டமித், கர்ட் சாக்ஸ் போன்ற ஐரோப்பியர்களும் வந்திருந்தார்கள். எகிப்தியர்களில் பலர் 24 சமக் கூறுகளை ஆதரித்தார்கள். எழுதவும் கற்பிக்கவும் கருவி செய்யவும் அது வசதி. சிரியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தவர்கள், எங்கள் ஸ்வரம் அந்த இடத்தில் விழுவதில்லை என்று மறுத்தார்கள். உடன்பாடு வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த 24 கூறுகளையும், அதாவது கால் ஸ்வரத்தையும், தருகிற பியானோவை உள்ளே விடலாமா என்று விவாதம் நடந்தபோது, வேண்டாம் என்று தடுத்த பக்கத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் இருந்தார்கள். நவீனமாக வேண்டும் என்று கேட்ட பக்கத்தில் எகிப்தியர்கள் இருந்தார்கள். பழமையைக் காப்பாற்றச் சொல்லும் குரல் எப்போதும் உள்ளூர்க் குரலாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

பிறகு பெய்ரூத்தின் அப்துல்லா ஷாஹின் கால் ஸ்வரப் பியானோவைச் செய்து காட்டினார். மின்னணுக் காலம் வந்ததும் ஜப்பானிய, இத்தாலியக் கம்பெனிகள் அரபுச் சந்தைக்கென்றே கீபோர்டு செய்தன. ஒரு பொத்தானைத் தட்டினால் குறிப்பிட்ட ஸ்வரம் 50 சென்ட் இறங்கும். பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது. பயாத்தி மகாமின் இரண்டாம் ஸ்வரத்துக்கும் ரஸ்தின் மூன்றாம் ஸ்வரத்துக்கும் எழுத்தில் ஒரே பெயர், கீபோர்டில் ஒரே பொத்தான். பாட்டில் பயாத்தியின் ஸ்வரம் சற்றுத் தாழ்ந்தே விழும். கெய்ரோக்காரர் பாடும் ரஸ்தைவிட அலெப்போக்காரர் பாடும் ரஸ்தில் அந்த மூன்றாம் ஸ்வரம் உயர்ந்திருக்கும். மெட்டு இல்லாத ஊது வாத்தியக்காரர் விரலாலும், காதாலும், குருவிடம் கேட்ட நினைவாலும் அதைப் பிடிக்கிறார். இங்கே ஊது என்றது ஊதும் குழலை இல்லை. வீணைபோல் மீட்டும் அவர்களுடைய தலையாய நரம்புக் கருவியின் பெயர் அது. கட்டைகளைக் கூட்டினாலும் மகாம் கட்டைக்குள் அடங்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் நமக்கான பாடம்.

நம்மிடமும் இதே கதை, அவர்களுக்கு முன்பே நடந்தது. 1916இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய சங்கீத மாநாட்டில், தேவல், கிளெமெண்ட்ஸ் இருவரும் வகுத்த 22 சுருதிக் கணக்கின்படி செய்த சுருதி ஆர்மோனியம் பேசுபொருளானது. பாடும் வித்வான்கள் அதை ஏற்கவில்லை. அதே மாநாட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து போன ஆபிரகாம் பண்டிதர், 22 என்ற எண்ணிக்கையையே மறுத்தார். மிஷாகாவைப் போல அவரும் வைத்தியர். அவரைப் போலவே 24 சமக் கூறுகள் என்றார். 1912 முதல் தஞ்சையில் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டி விவாதித்தவர், 1917இல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகர’த்தில் அந்தக் கணக்கைத் தசம தசமமாகப் போட்டுக் காட்டினார். சிலப்பதிகார உரைகளும் பழைய சூத்திரங்களும் ஏழு ஸ்வரங்களுக்குச் சொல்லும் அலகுக் கணக்கை, குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என்று கூட்டினால் 22 வருகிறது. பண்டிதர் அதை 24இன் ஒரு வகையாக விளக்கினார். சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் அதே அலகுகளைப் பின்னங்களாகக் கணித்து வேறு விடைக்கு வந்தார். ஒரே மூல நூல், இரண்டு பெரும் தமிழ் அறிஞர்கள், இரண்டு கணக்கு.

ஆகவே, “கட்டையில் 12, நம் சங்கீதத்தில் 22” என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கீபோர்டுக்கு எதிராக எழுதுகிறவர்கள் வழக்கமாக ஏந்தும் ஆயுதம் இதுதான், மழுங்கிப்போன ஆயுதம். மேடையில் பாடுகிறவர்களின் ஸ்வரத்தைக் கருவி வைத்து அளந்தவர்களுக்கு 22 நிலையான புள்ளிகள் கிடைக்கவில்லை. ஒரே பாடகர் ஒரே ராகத்தில் ஒரே ஸ்வரத்தை வெவ்வேறு பிடிகளில் வெவ்வேறு இடத்தில் வைக்கிறார். 12க்குப் பதில் 22 என்றாலும் 24 என்றாலும், ஸ்வரத்தை அட்டவணைக்குள் அடைக்கும் வேலைதான் அது. அட்டவணை பெரிதாகிறதே தவிர குற்றம் மாறவில்லை. பண்டிதரின் உழைப்பின் முன் தலைவணங்கலாம். 22 என்பதை ஆராயாமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தவர்களைக் கேள்வி கேட்ட துணிச்சலுக்காக அவரைக் கொண்டாடவும் வேண்டும். ஆனால் வகுப்பில் பிள்ளைக்குத் தேவைப்படுவது அவருடைய எண்ணும் இல்லை, அவரை மறுத்தவர்களுடைய எண்ணும் இல்லை.

பின் ஸ்வரத்தின் இடத்தை எது தீர்மானிக்கிறது? ராகமும், அந்த ராகத்தில் ஸ்வரம் வந்து சேரும் வழியும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட நூல் அதைச் சாதாரண காந்தாரம் என்று எழுதும். அந்தக் கட்டையை அழுத்தி அசையாமல் நிறுத்தினால் தோடி ஓடிப்போய்விடும். இந்துஸ்தானி பைரவியின் சாயல் வந்து நிற்கும். தோடிக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடும் ஓர் அசைவு. அதற்கு வீடு இல்லை, வீதிதான் உண்டு. பேகடையின் மத்திமம் வழக்கமான சுத்த மத்திமத்தைவிட ஒரு பிடி ஏறி நிற்பது. அதனாலேயே ‘பேகடை மத்திமம்’ என்று தனியாகப் பெயர் வாங்கியது. வராளியின் பிரதி மத்திமம் பஞ்சமத்தை உரசும் அளவுக்கு ஏறும். பந்துவராளியின் மத்திமத்தை அங்கே வைத்தால் கேட்டுப் பழகியவர் முகம் சுளிப்பார். எழுத்தில் ஒன்றாகவும் பாட்டில் வேறாகவும் இருக்கிற பயாத்தி, ரஸ்த் விவகாரம்தான் இதுவும். தம்புராவோடு இழையும் காந்தாரம் ஒரு நங்கூரம் மட்டுமே; எல்லா ஸ்வரமும் அங்கேயே நிற்கும் என்று நான் சொல்லவில்லை. அசையாத ஷட்ஜ பஞ்சமங்களுக்கு எதிரே இழைவது எது, இழைவிலிருந்து வேண்டுமென்றே விலகுவது எது என்று கேட்டுப் பழகிய காதுக்குத்தான் வராளி மத்திமத்தின் அந்தக் கூர்மை சுவையாகப் படும். எல்லாமே கொஞ்சம் விலகி நிற்கும் ஒலியில் வளர்ந்த காதுக்கு அது வெறும் அபஸ்வரம்.

இங்கே வீணைக்காரர்கள் குறுக்கிடுவார்கள். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள், ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. அங்கும் பன்னிரண்டுதானே, அதைக் குறை சொல்வாரில்லையே என்று. சரியான கேள்வி. ஆகவே பன்னிரண்டு என்ற எண் குற்றவாளி இல்லை. வீணை மெட்டு மெழுகில் பதிந்தது. மேளம் கட்டுகிறவர் காதால் கேட்டு ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைக்கிறார். அதைவிட முக்கியம், தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று ஸ்வரங்கள் வரை வழுக்கிப் போகலாம். வீணை தனம்மாளின் புகழ் மெட்டுகளின் எண்ணிக்கையால் வந்ததில்லை. வெளிநாட்டுக் கருவி என்பதும் குற்றமில்லை. பாலுஸ்வாமி தீட்சிதர் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கைக்கொண்ட வயலின் இல்லாமல் இன்று கச்சேரியே இல்லை. யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் தந்தியை இழுத்துத் தோடியைக் கொண்டுவந்தார். கே. சத்தியநாராயணன் கீபோர்டிலேயே, ஸ்வரத்தை வளைக்கும் சக்கரத்தை இடக்கையால் இடைவிடாமல் இயக்கிக் கமகம் வாசிக்கிறார். இவர்கள் யாரும் கருவி சொன்ன இடத்தில் ஸ்வரத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் இல்லை. காதில் ஏற்கெனவே இருந்த ராகத்துக்குக் கருவியை வளைத்தவர்கள். நான் கேட்கும் வரிசைக்கு இவர்களே உதாரணம்.

தடை செய்வது என் நோக்கமில்லை. அதைச் செய்து பார்த்தும் ஆகிவிட்டது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. தாகூர் உட்படப் பலர் ஆதரித்த முடிவு அது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்து 1971 வாக்கில்தான் தளர்ந்தது. அதனால் பாட்டு மேம்பட்டதாகச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. நாடக மேடைகளில் அந்தப் பெட்டியை நம்பிப் பிழைத்தவர்களுக்கு வானொலிக் கதவு சாத்தப்பட்டதுதான் மிச்சம். அந்த மேடையிலேயே அந்தத் தடைக்கான மறுப்பும் இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பா தம் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியத்தோடுதான் பாடினார். பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்: கட்டைகள் படிப்படியாக ஏற, குரல் அவற்றுக்கு நடுவே தன் வழியில் வழுக்கி ஏறும். கட்டை அவருக்குத் துணை, ஆசான் இல்லை. வளர்ந்த காதை ஆர்மோனியம் கெடுக்காது. முளைக்கிற காதைப் பற்றியே இந்த மடல்.

இன்னொரு ஆட்சேபம் திரையிசைப் பக்கமிருந்து வரும். இளையராஜா, ரஹ்மான் பாடல்கள் சம அளவுக் கட்டைகளின்மேல் எழுந்தவையே; உங்களிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆசைப்படுவதும் அவற்றைத்தான். அங்கே இந்த அளவுமுறை தேவையால் வந்தது. பல ஸ்வரங்களைச் சேர்த்து அடுக்கி, ஆதார ஸ்வரத்தையே நடுவில் மாற்றிக்கொண்டு போகும் இசைக்கு எல்லாப் பக்கமும் சமமாக விட்டுக்கொடுக்கும் கட்டை வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை. திரைப்பாட்டைத் தரம் குறைந்ததாக நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சும் இல்லை. ஆனால் அந்தப் பாடல்களில் குரலைக் கவனியுங்கள். வாத்தியங்கள் கட்டைக் கணக்கில் நிற்க, எஸ். ஜானகியின் குரலோ பி. சுசீலாவின் குரலோ ஸ்வரங்களுக்கு நடுவே எத்தனை வளைவு வளைகிறது! கீபோர்டில் அந்த மெட்டை வாசித்த பிள்ளை பாட முயலும்போது ‘ஏதோ குறைகிறது’ என்று உணர்கிறதே, அந்தக் குறை இந்த வளைவுதான். திரைப்பாட்டைச் சரியாகப் பாடவும் முதலில் தம்புரா வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சுருதி சுத்தம் என்ற பேச்சு நம் ஊரில் பலரை வாசலிலேயே நிறுத்தப் பயன்பட்ட பேச்சு. வீட்டில் பாட்டி பாடிக் கேட்காத பிள்ளை, குருகுலத்தை எட்ட முடியாத பிள்ளை, ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு ஒரு கீபோர்டு வாங்கி, நீங்கள் தாளில் எழுதிக்கொடுத்த எழுத்துகளைப் பார்த்து ஒரு பாட்டை வாசித்துவிடுகிறது. யாருடைய தயவுமின்றிக் கட்டை அந்தப் பிள்ளைக்கு ஸ்வரம் தருகிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு நுட்பம் பேசுவது பழைய வேலியைப் புதிதாகக் கட்டுவது இல்லையா? இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. என் பதில் இரண்டு. முதலாவது, இந்த நுட்பம் எந்த ஒரு சாராரின் சொத்தாகவும் இருந்ததில்லை. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிதான் தோடிக்கு அளவுகோல் என்று ஒரு காலமே ஒத்துக்கொண்டது. நாகசுரத்தின் ஏழு துளைகளில் விரலையும் உதட்டையும் மூச்சையும் வைத்துக் கட்டைக்கு நடுவே உள்ள அத்தனை இடங்களையும் காப்பாற்றி வந்தவர்கள் இசைவேளாளர்கள். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் போன்ற தலங்களில் தமிழிசை வாழ்ந்ததென்றால் அது ஓதுவாரின் தொண்டையிலும் நாகசுரத்திலும் வாழ்ந்தது. அந்தச் செல்வத்தை எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கச் சொல்கிறேன். பாதியை மட்டும் கொடுத்து, இது உனக்குப் போதும் என்பதுதான் வேலி. இரண்டாவது, தம்புராவுக்கு இன்று விலை கிடையாது. பெங்களூரில் 1979 வாக்கில் மின்னணுத் தம்புரா செய்யத் தொடங்கிய காலத்தில் அது ஒரு செலவு; இன்று இலவசச் செயலியாகப் பெற்றோரின் கைபேசியிலேயே இறங்கிவிடுகிறது. கீபோர்டு வாங்க முடியாத வீட்டுக்கும் தம்புரா போகும்.

நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் நெருக்கடி தெரியாமல் எழுதவில்லை. மாதச் சம்பளம் கொடுக்கும் பெற்றோர் மூன்றாம் மாதம் ஒரு பாட்டைக் கேட்பார்கள். ஆண்டு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும். கிரேடு தேர்வு மேற்கத்திய இசைக்கானது; அதற்குக் கட்டைதான் சரி, அதைத் தொட வேண்டாம். கர்நாடக வாய்ப்பாட்டு வகுப்பில் மட்டும், சரளி வரிசையிலிருந்து ‘ஸ்ரீ கணநாத’ கீதம் வரை கீபோர்டை மூடி வையுங்கள். தம்புரா ஓடட்டும், நீங்கள் பாடுங்கள், பிள்ளை திருப்பிப் பாடட்டும். காந்தாரத்தில் நிறுத்தி, அலை அடங்கும்வரை தேடவிடுங்கள். இதற்கு ஒரு வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். கீபோர்டையே கற்க வரும் பிள்ளையும் வாசிக்கப்போவதை முதலில் பாடட்டும்; பாடிய பிறகு வாசித்தால் கட்டை எங்கே விலகுகிறது என்பது அதற்கே கேட்கும். மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணத்தின் எளிய உருப்படிகள் கீபோர்டில் நன்றாகவே வரும். தோடி, வராளி, பேகடை, சஹானாவை வளைவுச் சக்கரம் பழகாத பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். விலை சற்றுக் கூடிய கீபோர்டுகளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. அரபுச் சந்தையின் புண்ணியம் அது. ஷட்ஜக் கட்டையைக் கணக்கிட்டு, அந்தர காந்தாரத்தை 14, காகலி நிஷாதத்தை 12 இறக்கி மாயாமாளவகௌளையை வாசித்துக் காட்டுங்கள். தம்புராவுக்குப் பதிலாக இதை வைக்கச் சொல்லவில்லை. வித்தியாசம் உண்மையில் கேட்கிறது என்று பெற்றோருக்குக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

விஜயதசமி அன்று உங்கள் வகுப்புகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடமிருந்து இதைத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு விழாவில், வரிசையாக வைத்த கீபோர்டுகளுக்கு நடுவே, ஒரே ஒரு பிள்ளைக்காவது தம்புராவை மட்டும் துணையாக வைத்து ஒரு கீதம் பாட இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்து வாசகன்